கார்டின் முழுப் பெயரையும் விலைச்சீட்டில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு எங்கள் திருகோணமலையில் ஒரு வியாபாரம் சூடு பிடிக்கும். "சோதனை முடியட்டும், வாங்கித் தருகிறோம்" என்று தாய் தகப்பன் சொல்லி வைத்திருந்த கேமிங் கொம்பியூட்டர்தான் அது. வெளிநாட்டிலிருந்து மாமா அனுப்பிய காசு, சீட்டில் எடுத்த காசு, சில வீடுகளில் அடைவு வைத்த காப்பு என்று எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள் போகிறது. பெட்டியில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டில், கேமின் படத்தைத் திரைக்கு வரைந்து கொடுக்கிற கிராபிக்ஸ் கார்டைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். "4 ஜிபி கார்ட்" என்று இருக்கும். அதற்கு மேல் ஒன்றும் இராது. இந்த வழக்கம் மாற வேண்டும் என்று கேட்டே இதை எழுதுகிறேன்.

நான் சீனக்குடாப் பக்கத்து ஆலையொன்றில் மின்பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். வீடு உவர்மலையில். இளைய மகனுக்குக் கொம்பியூட்டர் பூட்டிக் கொடுக்கப்போய் இந்தக் கார்டுகளைப் படிக்கத் தொடங்கினேன். இப்போது ஒழுங்கையில் இருக்கிற பொடியன்கள் தங்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு என் விறாந்தைக்கு வருகிறார்கள். நான் எதையும் விற்பவன் அல்ல. எந்தக் கம்பனிக்கும் சார்பானவனும் அல்ல.

அண்மையில் நிலாவெளிப் பக்கம் கடற்தொழில் செய்யும் ஒருவர் மகனையும் பெட்டியையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். பிள்ளைக்கு 'பிளாக் மித்: வுகோங்' விளையாட ஆசை. 2024இல் வந்த கேம். ஆகக் குறைந்தது ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி, அல்லது ஆர்எக்ஸ் 580 8 ஜிபி கார்ட் வேண்டும் என்று அதைச் செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே இருந்தது ஜிடி 730. 2014இல் வந்த கார்ட். அந்தக் காலத்திலேயே படம் பார்க்கவும் இரண்டாவது மொனிட்டர் பூட்டவும் என்று விற்கப்பட்டது. தகப்பன் என்னைப் பார்த்துக் கேட்டார்: "நாலு ஜிபி எண்டு சொல்லித்தானே அண்ணை தந்தவங்கள்?"

அவர் சொன்னது உண்மை. அதில் நாலு ஜிபி இருக்கத்தான் செய்கிறது. விற்றவர் சொன்ன எண்ணில் பொய் இல்லை, அந்த எண்ணால் வாங்குகிறவருக்கு ஒரு பயனும் இல்லை. என் வழக்கே இதுதான்.

ஜிபி என்பது கார்டில் உள்ள நினைவகத்தின் கொள்ளளவு. கேமின் படங்கள் அதில் வந்து நிற்கும். அங்கிருந்து சிப்புக்கு எவ்வளவு வேகமாகப் போகின்றன, போனதைக் கணக்குப் பார்க்கச் சிப்பில் எத்தனை கோர்கள் இருக்கின்றன என்பவைதான் கேம் ஓடுமா ஓடாதா என்பதைத் தீர்மானிக்கின்றன. கூரையில் ஆயிரம் லீற்றர் தாங்கி வைத்துவிட்டு அரை அங்குலக் குழாய் பூட்டினால் குளியலறையில் என்ன வரும்? ஜிடி 730இல் டிடிஆர்3 என்ற மெதுவான நினைவகமும், அதிலிருந்து சிப்புக்குப் போக 64 பிட் அகலப் பாதையும் உள்ள வகை, நொடிக்கு 14.4 ஜிகாபைட்தான் கடத்தும். அதே பெயரில் ஜிடிடிஆர்5 என்ற வேகமான நினைவகம் உள்ள வகை 40 ஜிகாபைட் கடத்தும். அட்டைப்பெட்டியில் இரண்டும் ஜிடி 730தான். அடுத்து வந்த ஜிடி 1030இலும் இதே கதை நடந்தது. 2017இல் வந்தது 48 ஜிகாபைட் கடத்தியது. மறுவருடம் டிடிஆர்4 போட்டு வெளியிட்ட அதே பெயர்க் கார்ட் 16.8 ஜிகாபைட்தான் கடத்தியது. இரண்டிலும் 2 ஜிபி. விலைச்சீட்டில் "2 ஜிபி கார்ட்" என்று எழுதினால் இவற்றை எப்படிப் பிரித்தறிவது?

இந்தக் குழப்பத்தை நம் ஊர்க் கடைக்காரர்கள் உண்டாக்கவில்லை. கார்ட் செய்கிற பெரிய கம்பனிகளிடமிருந்தே அது வருகிறது. ஜிடிஎக்ஸ் 1060இல் 3 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு விற்றார்கள். நினைவகம் மட்டும்தான் வித்தியாசம் என்று நினைப்போம், ஆனால் ஒன்றில் 1152 கோர், மற்றதில் 1280. ஆர்டிஎக்ஸ் 3060 முதலில் 12 ஜிபியோடும் 192 பிட் பாதையோடும் வந்தது. பிறகு 8 ஜிபி, 128 பிட் என்று இன்னொன்றை அதே பெயரில் இறக்கினார்கள். ஆர்டிஎக்ஸ் 3050ஐ எடுத்தால் 2022இல் வந்த 8 ஜிபி கார்டில் 2560 கோர், 2024இல் வந்த 6 ஜிபி கார்டில் 2304 கோர், பாதையும் 128இலிருந்து 96 பிட்டாகக் குறைந்துவிட்டது. பெயர் மாறவில்லை.

வாங்குகிறவர்கள் சத்தம் போட்டால் இது மாறும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2022இல் என்விடியா என்ற கார்ட் சிப் கம்பனி ஆர்டிஎக்ஸ் 4080 என்ற ஒரே பெயரில் 16 ஜிபி, 12 ஜிபி என்று இரண்டை அறிவித்தது. 12 ஜிபி கார்டில் இருந்தது வேறு, சின்ன சிப். உலகம் முழுக்க எதிர்ப்பு எழுந்தது. அந்த ஒக்டோபர் மாதத்திலேயே 12 ஜிபி கார்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 899 டொலர் என்று சொன்ன அதே கார்ட், 2023 ஜனவரியில் ஆர்டிஎக்ஸ் 4070 டிஐ என்ற பெயரில் 799 டொலருக்கு வந்தது. அவ்வளவு பெரிய கம்பனியையே பெயரைத் திருத்த வைக்கலாம் என்றால், மத்திய வீதியிலும் திருஞானசம்பந்தர் வீதியிலும் உள்ள கடைகளில் விலைச்சீட்டைத் திருத்தச் சொல்லிக் கேட்பது பெரிய காரியமா?

சரி, முழுப் பெயர் தெரிந்த பிறகு எதை வாங்குவது? என்னிடம் வருகிற பிள்ளைகளிடம் கார்டைப் பற்றி நான் முதலில் பேசுவதில்லை. "தம்பி, என்ன கேம்? என்ன மொனிட்டர்?" என்றுதான் கேட்பேன். சாதாரண 1080பி மொனிட்டரில் கிட்டத்தட்ட 21 லட்சம் புள்ளிகள். 1440பி என்றால் 37 லட்சம். 4கே என்றால் 83 லட்சம். நொடிக்கு 60 தடவை அத்தனை புள்ளிகளுக்கும் நிறம் கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைக்கிற நேரம் 17 மில்லிசெக்கன் கூட இல்லை. வீட்டில் இருப்பது 1080பி, 60 ஹேர்ட்ஸ் மொனிட்டர் என்றால் 4கே கார்டுக்குக் காசைக் கொட்டுவது வீண். 'வலொரன்ட்' போன்ற கேம் மட்டும் ஆடுகிற பிள்ளைக்குப் பெரிய கார்டே தேவையில்லை, நல்ல பிராசசர் இருந்தால் போதும்.

பாரமான புதிய கேம்களுக்கு வந்தால் வேறு ஒரு வாசல் இருக்கிறது. 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் கேமும் 2025இல் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்' கேமும் ரே ட்ரேசிங் என்கிற ஒளிக்கணக்கைச் சிப்பிலேயே செய்யக்கூடிய கார்ட் வேண்டும் என்று கேட்கின்றன. ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர், ஆர்எக்ஸ் 6600 ஆகியவைதான் அவற்றுக்கு அடிமட்டம். 2017இல் உச்சத்தில் இருந்த ஜிடிஎக்ஸ் 1080 டிஐயில் 11 ஜிபி இருக்கிறது, ஆனால் அந்த வசதி இல்லை. 8 ஜிபி ஆர்எக்ஸ் 6600 அந்தக் கேம்களுக்குள் நுழையும், 11 ஜிபிக் கார்ட் வெளியே நிற்கும். ஜிபியை மட்டும் பார்த்து வாங்குகிறவருக்கு இது தலைகீழாகத் தெரியும்.

ஜிபி ஒரு பொருட்டே அல்ல என்று நான் சொல்லவில்லை. ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ 8 ஜிபியிலும் 16 ஜிபியிலும் வந்தது, இரண்டிலும் ஒரே சிப். இப்போதைய பெரிய கேம்களில் படத்தரத்தை உச்சத்தில் வைத்தால் 8 ஜிபி நிரம்பி ஆட்டம் திக்கித் திக்கி ஓடும். சிப்பும் பாதையும் சரியாக இருக்கிற கார்டில் கூடுதல் ஜிபி உதவும். நல்ல சிப் இல்லாத இடத்தில் எத்தனை ஜிபி இருந்தும் உதவாது.

இனி என் சொந்தத் தொழிலுக்கு வருகிறேன். பிள்ளைகளின் பெட்டிகளில் நான் ஆகக் கூடுதலாகப் பயப்படுவது மின்சாரப் பக்கத்தைப் பார்த்துத்தான்.

இங்கே நிறையப் பேர் வாங்குவது வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்த பிராண்ட் கொம்பியூட்டர்கள். அவை நல்ல பெட்டிகள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவற்றில் பலவற்றின் பவர் சப்ளை 240 வாட் அளவில்தான் இருக்கும். கார்டுக்கென்று தனியாக வயரும் இராது. மதர்போர்டில் கார்ட் குத்துகிற இடத்திலிருந்து ஆகக் கூடியது 75 வாட்தான் எடுக்கலாம். ஆறு பின் வயர் இன்னொரு 75 வாட் தரும், எட்டு பின் வயர் 150 தரும். ஆர்எக்ஸ் 580 கார்ட் 185 வாட் தின்னும். அதை அந்த அலுவலகப் பெட்டிக்குள் எப்படிப் பூட்டுவது? சில கடைகளில் ஹார்ட் டிஸ்க் வயரிலிருந்து மாற்றுவயர் போட்டுப் பூட்டிக் கொடுக்கிறார்கள். அந்தச் சின்ன வயர் அத்தனை அம்பியருக்குச் செய்ததல்ல. உருகிக் கறுத்துப்போன முனைகளை என் மேசையில் கண்டிருக்கிறேன். ஆசிரியர் அவர்களே, பிள்ளைகள் இந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே படுத்துறங்குகிறார்கள். நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு அதுதான் காரணம்.

இப்படிப்பட்ட பெட்டிக்குப் பொருத்தமானது நான் மேலே குறைசொன்ன அதே ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. 70 வாட்தான் எடுக்கும், தனி வயர் தேவையில்லை. அதைச் செய்ததில் பிழை இல்லை, 8 ஜிபி கார்டின் பெயரை அதற்குச் சூட்டியதுதான் பிழை. ஒல்லிப் பெட்டி என்றால் அரை உயரக் கார்ட் வாங்க வேண்டும், அதையும் அளந்து பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும்.

புதிய பெட்டி பூட்டுகிறவர்களுக்கு வேறு ஒரு பொறி. "500 வாட்" என்று பெரிய எழுத்தில் ஒட்டிய மலிவான பவர் சப்ளை. அந்தப் பெரிய எழுத்தை விட்டுவிடுங்கள். பக்கத்தில் ஒரு சின்ன அட்டவணை இருக்கும், அதில் 12 வோல்ட் என்ற நிரலில் எத்தனை அம்பியர் என்று பாருங்கள். 18 அம்பியர் என்று இருந்தால் 12ஐ 18ஆல் பெருக்குங்கள். 216 வாட். கார்டுக்கும் பிராசசருக்கும் சேர்த்துக் கிடைக்கப்போவது அவ்வளவுதான். 170 வாட் எடுக்கிற ஆர்டிஎக்ஸ் 3060ஐ இதில் பூட்டினால் கேம் சூடு பிடிக்கிற நேரத்தில் பெட்டி அணைந்துவிடும். பெற்றோர் கார்ட் பழுது என்று நினைத்து அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுவார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த பெருக்கல் இது. கடையில் நின்றபடியே செய்து பார்க்கலாம்.

யூபிஎஸ் விஷயத்திலும் இப்படித்தான். 650 விஏ என்று எழுதியிருப்பது வாட் அல்ல. அந்த அளவில் விற்கிறவற்றில் பல 360 வாட் பக்கம்தான் தாங்கும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டுப் பார்த்த நாடு இது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்கவே மின் போனது. மின் போவதைவிட அது திரும்பி வருகிற கணத்துக்குத்தான் நான் பயப்படுவேன். மின் போனதும் சுவரில் சுவிட்சை அணைத்துவிடுங்கள். வந்து சில நிமிடம் கழித்துப் போடுங்கள். வீட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று ஒரு மின்பணியாளரைக் கூப்பிட்டுப் பாருங்கள். கார்டின் விலையோடு பார்த்தால் அவருக்குக் கொடுக்கிற கூலி சிறியது.

எங்கள் ஊருக்கென்று இருக்கிற கஷ்டம் கடலும் கச்சானும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தகரக் கூரை அறைக்குள் மத்தியானம் மனிதனே இருக்க முடியாது. குளிரூட்டிய அறையில் சோதித்துப் போட்ட வெப்பக் கணக்கு நமக்குப் பொருந்தாது. ஒரே சிப்பை ஒற்றை விசிறியோடும் இரட்டை விசிறியோடும் பல கம்பனிகள் விற்கின்றன. இங்கே இருக்கிறவர்கள் கொஞ்சம் காசு கூடக் கொடுத்தாலும் இரட்டை விசிறியும் பெரிய ஹீட்சிங்கும் உள்ளதை எடுக்க வேண்டும் என்பது என் தீர்க்கமான கருத்து. கடலைப் பார்த்த யன்னலுக்குக் கீழே பெட்டியை வைக்காதீர்கள். உப்புக்காற்று ஆணிகளைத் துருப்பிடிக்கச் செய்து, பிறகு இணைப்பு முனைகளில் பச்சை பூக்க வைக்கும். உப்புவெளிப் பக்கத்திலிருந்து வருகிற பெட்டிகளைத் திறக்கும்போதே எனக்கு அது தெரிந்துவிடும்.

பாவித்த கார்ட் வாங்கலாமா என்று கேட்பார்கள். வாங்கலாம். 2022 செப்டெம்பர் 15ஆம் திகதி எத்தீரியம் என்ற இணைய நாணயத்தின் முறை மாறி, கார்டுகளைக் கணக்குப் பார்க்க ஓடவிட்டு அதைச் சம்பாதிக்கிற, 'தோண்டுதல்' என்கிற வேலை நின்றுபோனது. அதன் பிறகு இராப்பகலாக ஓடிக் களைத்த கார்டுகள் உலகச் சந்தையில் கொட்டுப்பட்டன. ஆர்எக்ஸ் 580 அதில் ஏராளம். தோண்டிய கார்ட் என்பதற்காக ஒதுக்கத் தேவையில்லை, ஆனால் விற்கிறவர் முன்னிலையில் அரை மணித்தியாலம் பாரமான கேம் ஒன்றை ஓடவிட்டுச் சூட்டையும் விசிறிச் சத்தத்தையும் பார்க்காமல் வாங்கக் கூடாது. ஜிபியு-ஸெட் என்று இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் உள்ளே உண்மையில் என்ன சிப் என்று காட்டும். அசல் ஆர்எக்ஸ் 580இல் 2304 கோர். 2048 என்று காட்டினால் அது குறைத்துச் செய்த வகை. பழைய என்விடியா சிப்புக்கு ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று பொய்ப்பெயர் எழுதி விற்றவையும் உண்டு. அவற்றில் பலவற்றை இந்த மென்பொருள் போலி என்றே காட்டிக்கொடுக்கும்.

பழைய மதர்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்ட் மதர்போர்டோடு நான்கு பாதையில்தான் பேசும், பழைய போர்டில் அதன் வேகம் விழுந்துவிடும். இன்டெல்லின் ஆர்க் பி580 நல்ல விலைக்கு 12 ஜிபி தருகிற நல்ல கார்ட், ஆனால் கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரேயடியாக எட்டுவதற்கான ரீசைசபிள் பார் என்ற வசதி இல்லாத பழைய போர்டில் அதைப் போட வேண்டாம்.

"கேம் விளையாடத்தானே, இதற்கு ஏன் இவ்வளவு?" என்று சிலர் கேட்பார்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை பகலில் கலியாண வீட்டு வீடியோக்கள் வெட்டி ஒட்டிக் கொடுத்து வீட்டுக்கு உழைக்கிறான், இரவில் அதே கார்டில் விளையாடுகிறான். மேலே சொன்ன 6500 எக்ஸ்டியில் வீடியோவைச் சுருக்கி எழுதுகிற பகுதியே இல்லை. அதை வாங்கியிருந்தால் அவன் தொழிலுக்கு அந்தக் கார்ட் கைகொடுத்திராது. அப்படியே விளையாட மட்டும் என்றாலும் என்ன? இரண்டு வருடம் டியூசனும் பாஸ்ட் பேப்பருமாகக் கிடந்த பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு அது. வாக்குக் கொடுத்த தகப்பனுக்கு, அந்தக் காசுக்கு உரிய சாமான் கிடைக்க வேண்டும்.

கார்ட் பழுதானால் நமக்கு இன்னொரு சுமையும் இருக்கிறது. உத்தரவாதக் காலத்துக்குள் பழுதாகிற பொருளைப் பல நேரம் கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டும். பஸ்ஸில் பார்சல் போட்டால் 260 கிலோமீற்றர். போனது எப்போது திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. நான் பார்த்த ஒரு பற்றுச்சீட்டில் "விஜிஏ 1" என்று, அதாவது கிராபிக்ஸ் கார்ட் ஒன்று என்று மட்டும் எழுதியிருந்தது. எந்தக் கார்ட், என்ன தொடரிலக்கம், எத்தனை வருட உத்தரவாதம் என்று எதுவும் இல்லை. அந்தக் குடும்பம் எதை வைத்து உரிமை கேட்கும்? கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. முறையிட 1977 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. இதை நம் மக்களில் பலர் பாவிப்பதில்லை.

கடைக்காரர்களிடம் நான் கேட்பது ஒரு வரிதான். விலைச்சீட்டிலும் பற்றுச்சீட்டிலும் இப்படி எழுதுங்கள்: "ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி ஜிடிடிஆர்6, 96 பிட், 70 வாட்", கூடவே கார்ட் செய்த கம்பனியின் பெயர், தொடரிலக்கம், உத்தரவாதக் காலம். பவர் சப்ளைக்கு 12 வோல்ட்டில் எத்தனை அம்பியர் என்று எழுதுங்கள். நேர்மையாக விற்கிற கடைகள் எங்கள் ஊரில் இருக்கின்றன. இப்படி எழுதினால் முதலில் இலாபம் அடைவது அவர்கள்தான், ஏனென்றால் பக்கத்துக் கடையின் "4 ஜிபி"யோடு அவர்கள் விலையில் போட்டி போட வேண்டியிராது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். புதிய கைத்தொலைபேசி வந்தால் பத்திரிகைகளில் அரைப் பக்கம் வருகிறது. பரீட்சை முடிகிற காலத்தில் கொம்பியூட்டர் வாங்கப் போகிற பெற்றோருக்காகவும் அப்படி ஓர் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். சந்தையில் உள்ள கார்டுகளின் முழுப் பெயர், வந்த வருடம், வாட் ஆகியவற்றை ஓர் அட்டவணையாகப் போட்டாலே போதும். தாய்மார் அதை வெட்டிப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போவார்கள். அட்டவணையைத் தயாரிக்க ஆள் வேண்டுமானால் நான் சம்பளம் வாங்காமல் செய்து தருகிறேன். ஒவ்வொரு வருடமும் புதுப்பித்தும் தருகிறேன். பரீட்சை முடிகிற கிழமைக்கு முன்னதாக வந்தால்தான் அது பயன்படும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மின்பணியாளர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.